ஏழுமலை பிடித்த பெண்

1

இந்த வருடமும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதி முத்திரை வாங்கி வந்தேன். ஓய்வூதியம் வாங்குகிற எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய காரியம் இது. கள்ளக்குறிச்சியில் இருந்திருந்தால் கருவூலத்தில் போய் முகத்தைக் காட்டிவிட்டு, வெளியே ஒரு டீ குடித்துவிட்டு வந்திருப்பேன். நான் இருப்பது ஜெர்மனியில், மகன் வீட்டில். இரண்டு ரயில் மாறித் தூதரக அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

துணைக்குப் பேத்தி யாழினி வந்தாள். பதினாலு வயது. என் ஜெர்மன் மொழியை நம்பி என்னைத் தனியே அனுப்ப மகனுக்கு விருப்பமில்லை. அவன் பயந்ததில் தவறில்லை. எங்கே போகிறீர்கள் என்று ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பேச்சுக்குக் கேட்டார். உயிர்ச் சான்று வாங்கப் போகிறேன் என்று சொல்வதாக நினைத்து, "நான் இனிமேல் உயிரோடு இருக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைத் தொட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். யாழினி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் என் பாஸ்போர்ட் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். படத்தில் மீசை இருக்கிறது. இப்போது இல்லை. "இது நீங்கதானா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சொல்கிற ஆள்தானா நீ, நிரூபி என்று நானும் ஒருமுறை ஒரு பெண்ணைக் கேட்டிருக்கிறேன். ஊரே கூடியிருந்த இடத்தில் கேட்டேன். அவள் என் தங்கை கோமதி. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் அவள் என்னோடு பேசினாள். அதை எழுதிவிட வேண்டும் என்று திரும்பி வரும் ரயிலிலேயே முடிவு செய்தேன்.

2

எழுதத் தூண்டியது அந்த அலுவலகம் மட்டுமல்ல, யாழினியின் புத்தகங்களும்தான். அவள் அறையில் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். அட்டையில் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் பாதி புகையாகவும் பாதி ஆளாகவும் ஒரு பையன். அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் இரண்டை எடுத்து வந்து அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அவளைச் சந்தேகப்பட்டுத்தான் படித்தேன். புத்தகத்தில் வருகிற பையனுக்குப் பின்னால் நிஜமாக ஒரு பையன் இருப்பான் என்று என் புத்தி சொன்னது.

கதை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பதினாறு வயதுப் பெண். புதிதாக ஒரு பையன் வருகிறான். அவன் மனிதனில்லை. செத்தவன், அல்லது சாகவே முடியாதவன். வேறு யார் கண்ணுக்கும் படாமல் அவளோடு மட்டும் பேசுகிறான். பெற்றோர் நல்லவர்கள், எதையும் கவனிக்க மாட்டார்கள். சந்தேகப்படுகிற பெரியவர் ஒருவர் மட்டும் எல்லாக் கதையிலும் இருக்கிறார். படித்தவர். மோப்பம் பிடித்துப் பின்தொடர்கிறார். கடைசியில் எல்லோர் முன்னாலும் உண்மையை உடைக்கிறார். அவர்தான் வில்லன்.

முதல் புத்தகத்தில் அந்த ஆளைப் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. இரண்டாவதிலும் அவரே வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்த வாரமே யாழினி கேட்டாள். அவளும் ஒரு தோழியும் சேர்ந்து இதே மாதிரி ஒரு கதை எழுதுகிறார்களாம்.

"தாத்தா, உங்க ஊர்ல பேய் இருக்காங்களா?"

அவள் தமிழில் பேய்க்கும் மரியாதை உண்டு.

"இருக்காங்க," என்றேன்.

"அவங்க லவ் பண்ணுவாங்களா?"

"எங்க ஊர்ப் பேய்க்கு வேற வேலையே கிடையாது."

அவள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். கல்யாணம் ஆகாத பையன் அகாலமாகச் செத்துப் போனால் ஆசை தீராமல் சுற்றுவான். உச்சி வேளையில் தனியாகப் போகிற பெண்ணைப் பார்த்து மனசு போய்விட்டால் அவளைப் பிடித்துக்கொள்வான். அவள் சாப்பிட மாட்டாள், காரணமில்லாமல் சிரிப்பாள். வீட்டில் பம்பைக்காரரை அழைத்து வருவார்கள். அவர் பம்பையை அடித்து, பாட்டுப் பாடி, உள்ளே இருப்பவனைப் பேச வைப்பார். நீ யார், எப்படிச் செத்தாய், இவளை எங்கே பார்த்தாய், அப்போது இவள் என்ன உடுத்தியிருந்தாள்? எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிய பிறகு, ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு புளியமரம் வரை அவளை ஓடவிட்டு, அவள் தலைமுடியில் ஒரு கற்றையை மரத்தில் ஆணி அடித்து அறுத்துவிடுவார்கள். அவன் மரத்தோடு நின்றுவிடுவான். பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். அது நடக்கும்வரை அவள் கழுத்தில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள்.

"அந்த மாதிரி நீங்க யாரையாவது பாத்தீங்களா?"

"என் தங்கச்சியைப் பாத்தேன்," என்றேன்.

3

கல்வராயன் மலைக்குக் கீழே, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டு வாசலில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். எனக்கு முப்பது வயது இருக்கும். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். மனைவியும் கைக்குழந்தையும் மாமனார் வீட்டில் இருந்தார்கள். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. கல்லூரிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள் என்று ஊருக்கு வந்தேன். வந்த பிறகு திரும்பிப் போக வழியில்லை. சாலையோரப் புளியமரங்களை வெட்டி நடுவழியில் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது, பேப்பர் வராது. உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன என்று சைக்கிளில் வந்தவர்கள் சொன்னார்கள்.

எங்கள் தெருப் பையன் ஏழுமலை அந்த மரம் வெட்டும் கூட்டத்தில் இருந்தான். சின்ன வயதில் என் பின்னாலேயே சுற்றியவன். பாதி வெட்டிய மரம் எல்லோரும் நினைத்த பக்கம் விழாமல் அவன் நின்ற பக்கம் விழுந்தது. ஊரில் அவனைத் தியாகி என்றார்கள். படத்துக்குச் சாமந்தி மாலை போட்டுத் தெருமுனையில் வைத்தார்கள். அவன் அம்மா அஞ்சலை படத்தின் பக்கமே போகவில்லை. "அது வேற யாரோ மாதிரி கீது," என்றாள்.

அவன் செத்த அந்த மாதத்திலேயே கோமதிக்குப் பேய் பிடித்தது.

கோமதிக்குப் பத்தொன்பது வயது. உளுந்தூர்பேட்டையில் ஓட்டல் வைத்திருந்தவர்கள் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். தையில் கல்யாணம். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். "புடிக்கறது புடிக்காததுலாம் கட்டிக்கினப்புறம் பாத்துக்கலாம்," என்று அம்மா சொல்லிவிட்டாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவள் கூடத்தில் அப்படியே உட்கார்ந்து, தொண்டையை இறக்கி, ஆம்பிளைக் குரலில், "எங்கம்மாவ வரச் சொல்லு," என்றாள்.

"யார்ரா உங்கம்மா?" என்றார் அப்பா.

"அஞ்சலை."

அஞ்சலை ஓடி வந்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வந்து என் தங்கைக்கு எதிரில் உட்காருவாள்.

"சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேம்மா."

"குளுருதா அங்க?"

"இல்லம்மா."

அவ்வளவுதான் பேச்சு. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போவாள். நான் அறையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை என் தங்கை ஏமாற்றுகிறாள், இந்த ஊர் வாயைப் பிளந்து பார்க்கிறது என்று எனக்குக் கோபம். என் கோபத்துக்கு நான் வைத்த பெயர் பகுத்தறிவு.

சம்பந்தி வீட்டுக்கு விஷயம் போயிற்று. பேய் போனால்தான் தையில் கல்யாணம், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார்கள்.

4

என் சந்தேகத்துக்குக் காரணம் அந்த மலைக்கோயில். ஏழுமலை அமாவாசைக்கு மலைக்கோயிலுக்குப் போக வேண்டும் என்றான். அதாவது கோமதி வாயால் சொன்னான். உயிரோடு இருந்தபோது மலை ஏறச் சொன்னால் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிறவன் அவன். செத்த பிறகு எப்படி பக்தி வந்தது?

அம்மா அவளை அழைத்துக்கொண்டு போனாள். நான் கொஞ்சம் பின்னால் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் நெல்லிமரத்தடியில் கோமதி ஒரு பையனோடு நின்றுகொண்டிருந்தாள். பொன்னுசாமி. மலையூர்க்காரன், வேறு சாதி. கச்சிராயபாளையத்தில் கடுக்காயும் புளியும் எடை போடுகிற மண்டியில் வேலை செய்தவன். எங்கள் வீட்டுப் புளியை அங்கே போடுவதுண்டு. நானே அவனைப் பார்த்திருக்கிறேன். தொடவில்லை, கையைப் பிடிக்கவில்லை. அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். பேய் பிடித்தவள் சிரிப்பு இல்லை. எங்கள் வீட்டில் நான் கேட்டிராத சிரிப்பு. அம்மா கோயில் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கும்பிட்டாள். அந்த முதுகை நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான் எனக்கு இருந்தது. அந்தச் சந்தோஷம் இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த வாரம் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் பம்பை வைத்தார்கள். சுற்றுவட்டத்தில் அந்த ஒரு மரத்தைத்தான் மறியலுக்கு வெட்டாமல் விட்டிருந்தார்கள். பேய் மரம் என்று யாரும் கை வைக்கவில்லை. பகல் நேரம். ஊர் மொத்தமும் கூடியிருந்தது. கோமதி முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை முன்வரிசையில்.

பம்பைக்காரர் முனுசாமி அடித்து நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீ யாரு?"

"ஏழுமல."

"இவள இன்னாத்துக்குடா புடிச்ச?"

"அழகா இருந்தா, புடிச்சேன்."

கூட்டம் சிரித்தது. "உசுரோட இருக்க சொல்ல இந்தத் தைரியம் இல்லியேடா," என்று ஒருவன் குரல் கொடுத்தான்.

"இன்னா கட்டிக்கினு இருந்தா?"

"பச்சத் தாவணி."

"எப்பப் போவ?"

"இப்பப் போ மாட்டேன். மூணு அமாவாச மலக்கோயிலுக்கு இட்டுக்கினு போங்க. அப்பால பாக்கலாம்."

மூன்று அமாவாசை என்றால் தை தாண்டிவிடும். நான் எழுந்தேன்.

"நானும் ஒண்ணு கேக்கறேன்."

"கேளுங்க சார்," என்றார் முனுசாமி, அரை மனதாக.

இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பொறி அது. "ஏழுமல, அணை தெறந்துவுட்டப்ப நாம ரெண்டு பேரும் வெள்ளம் பாக்கப் போனமே, உன் புதுச் செருப்பு இன்னாச்சி?"

கோமதி என்னைப் பார்த்தாள். பிறகு பார்வை என்னைத் தாண்டி அஞ்சலையிடம் போனது. அஞ்சலை வாய் லேசாகத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி அடிச்சிக்கினு போயிடுச்சி," என்றாள் கோமதி.

"ஆமாண்டா சாமி!" அஞ்சலை மார்பில் கை வைத்தாள். "செருப்பத் தொலச்சிட்டு வந்தன்னு நான்தாண்டா அடிச்சேன்! வெளக்குமாத்தால அடிச்சேனே!"

"வலிக்கலம்மா," என்றாள் கோமதி.

"எல்லாம் பொய்!" என்று கத்தினேன். "செருப்பும் இல்ல, வெள்ளம் பாக்கவும் போவல. அணை தெறந்த வருசம் ஏழுமல ஊர்லயே இல்ல, பெங்களூர்ல பேக்கரி வேலைல இருந்தான்!"

அப்பா பக்கத்தில் வந்து என் தோளை அழுத்தினார். "வுட்றா. பேயி பொய்தான் சொல்லும். அதான் பேயி."

அது எனக்குக் கிடைத்த வாய்ப்பு. கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அங்கே வாயை மூடியிருக்கலாம்.

"பேய் இல்லப்பா," என்றேன். "பொன்னுசாமி."

5

அந்த ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. சாதிக்காகச் சாலையில் நின்று சூடேறிப்போன இளைஞர்கள் அன்றைக்கு எங்கள் ஊரில் நிறையப் பேர். கையில் கோடாலியும் தடியும் ஏற்கனவே இருந்தன. அப்பா அவர்களைத் தடுக்கப் போய்க் கீழே விழுந்தார். மண்டியில் பொன்னுசாமியை அடித்தார்கள். கை முறிந்தது என்று சொன்னார்கள். அவன் மலை ஏறிப் போனான். அதற்குப் பிறகு கீழே யாரும் அவனைப் பார்க்கவில்லை. மலைக்காரர்கள் சில மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் சரக்குக் கொண்டு வரவில்லை.

பேய் இல்லை என்று ஆகிவிட்டதால் கல்யாணத்தைத் தள்ளவும் காரணம் இல்லை. தை வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை. மரங்களை அகற்றி, பஸ் ஓட ஆரம்பித்த வாரமே உளுந்தூர்பேட்டையில் தாலி கட்டினார்கள். அட்சதை போட நான் பக்கத்தில் போனபோது கோமதி நிமிர்ந்தாள்.

"ஏழுமல போயிட்டான்ணா. சந்தோசமா?"

அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

ஊருக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "உனக்கு மட்டுந்தான் கண்ணு கீதுன்னு நெனச்சியா? எனக்கும் தெரியும், உங்கம்மாவுக்கும் தெரியும். அந்தச் சம்பந்தம் தானா கழண்டு போயிருக்கும். ஊரும் அடங்கியிருக்கும். அப்பால இன்னா ஏதுன்னு பாத்திருக்கலாம்."

எனக்குத் தெரிந்த உண்மை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வதற்குத்தான் ஏழுமலை அவர்களுக்குத் தேவைப்பட்டான். கோமதி பொய் சொல்லவில்லை என்று நான் சொல்லவில்லை. அவள் சொன்ன பொய்யால் யாருக்கும் அடி விழவில்லை. நான் சொன்ன உண்மையால் விழுந்தது.

6

இதையெல்லாம் யாழினியிடம் சொல்லி முடித்தபோது அவள் எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். "கோமதிப் பாட்டி இப்ப இருக்காங்களா?" என்று கேட்டாள்.

இருக்கிறாள். கணவர் இறந்துவிட்டார். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்களுக்கு மெஸ் நடத்துகிறாள். கல்லாவில் அவளே உட்காருகிறாளாம்; பாக்கி வைத்துவிட்டு நழுவப் பார்க்கிற டிரைவர்கள் அவள் குரலைக் கேட்டே திரும்பி வருவார்களாம். சொந்தக்காரர்கள் சொல்லித் தெரியும்.

மகன் அவள் போன் எண்ணைத் தேடித் தந்தான். யாழினிதான் பேசினாள். நான் பக்கத்தில் நின்றேன். பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் அந்தக் குரல் வந்தது. தடித்திருந்தது, ஆனால் அவள் குரல்தான்.

"யாரு கண்ணு? ... ஓ, அவரு பேத்தியா? சாப்ட்டியாம்மா? அங்க இன்னா மணி?"

"பாட்டி, தாத்தா உங்ககிட்ட பேசணுமாம்."

யாருக்கோ மீதிச் சில்லறை எண்ணிக் கொடுக்கிற குரல் கேட்டது.

"அவருகிட்ட பேச எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. கோவம்லாம் இல்ல, அதெல்லாம் ஆறிப் போச்சி. பேச்சு இல்ல, அவ்ளோதான். நீ பேசு. எவ்ளோ நேரம்னாலும் பேசு."

யாழினி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது: நான் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வார்த்தை எதுவும் புரியவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. மகன் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இங்க அப்படியெல்லாம் நிக்கக் கூடாதுப்பா," என்றான். எந்த ஊரிலுமே கூடாது என்று அவன் சொல்லவில்லை, மரியாதைக்காக.

யாழினி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் விடவில்லை.

"என்ன சொன்னா?"

"ப்ராமிஸ் பண்ணிட்டேன் தாத்தா. சொல்ல மாட்டேன்."

"பொன்னுசாமி என்ன ஆனான்னு சொன்னாளா?"

"சொல்ல மாட்டேன்." சற்று யோசித்தாள். "ஒண்ணு மட்டும் உங்ககிட்ட சொல்லலாம்னாங்க. செருப்பு பொய்னு அவங்களுக்கு அப்பவே தெரியுமாம்."

"தெரிஞ்சா ஏன் ஆமான்னு சொன்னா?"

"நானும் கேட்டேன். ஏழுமலையோட அம்மா அவங்களையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். 'ஞாபகம் இல்லன்னு எப்டிச் சொல்றது'ன்னாங்க. அந்த அம்மாவுக்கும் பொய்னு தெரியுமாம் தாத்தா. கோமதிப் பாட்டி மாட்டிக்கக் கூடாதுன்னுதான் அடிச்சேன்னு சொன்னாங்களாம்."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். இத்தனை வருடமும் என் பொறியில் இரண்டு பேர் விழுந்தார்கள், ஒருத்தி பொய்க்காரி, ஒருத்தி பேதை என்றுதான் நினைத்திருந்தேன். தவறு செய்தேன் என்று வருந்தியபோதுகூட, என் கணிப்பு சரி, அதைச் சொன்ன இடம்தான் தவறு என்றே வருந்தினேன். அந்தக் கணிப்பே தவறு. அந்த மரத்தடியில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பொறி வைத்தவனுக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அங்கே மெஸ்ஸில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரத்துக்கு, கோமதி கூப்பிடுகிறாள். யாழினி அறைக்குள் போய்விடுகிறாள். அவள் தமிழில் 'இன்னா'வும் 'கண்ணு'வும் வர ஆரம்பித்திருக்கின்றன. அவள் கதை எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியாது. காட்ட மாட்டேன் என்கிறாள். பொன்னுசாமியைக் கோமதி பிறகு எப்போதாவது பார்த்தாளா, அவன் இருக்கிறானா, அந்தக் கண் சிவந்தது எதற்காக? எனக்கு ஆயிரம் சந்தேகம். கேட்டால் யாழினி சொல்லிவிடுவாளோ என்றுகூடத் தோன்றுகிறது. சின்னப் பெண்தானே. எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டால் வாய் தவறும் என்பது எனக்குத் தெரியும்.

அதனால் போன் மணி அடித்ததும் நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். டிராம் நிறுத்தத்தைத் தாண்டி, ஆற்றங்கரை வரை போய்த் திரும்பி வருவேன். போன வாரம் நல்ல குளிர். காது வலித்தது. சீக்கிரம் வந்துவிட்டேன். கதவைத் திறந்து ஒரு கால் வைத்ததும் உள்ளே யாழினியின் குரல், "அப்பறம் இன்னாச்சி பாட்டி?" என்றது.

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, மறுபடி ஆற்றங்கரைக்கு நடந்தேன்.